கூப்பிய கரங்களும் கூசாத நாவும்

நம் பங்குகளில் எங்கு சென்றாலும் ஒரு படம் கண்ணில் படும். நீலப் பின்னணியில் இரண்டு கைகள் மட்டும். முகமில்லை, உடலில்லை. சட்டைக் கையின் மடிப்பு சற்றே தெரிய, விரல்கள் மேல்நோக்கிக் கூப்பியிருக்கும். குருத்துவத் திருநிலைப்பாட்டு நினைவு அட்டையில் அது இருக்கும். முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலி அழைப்பிதழில், கல்லறைப் பளிங்கில், செபக்குழுவின் பதாகையில், ஆட்டோவின் பின்கண்ணாடியிலும் இருக்கும். திருத்தலக் கடைகளில் அதைச் சுண்ணச் சிலையாக வார்த்து விற்கிறார்கள். வரைந்தவர் ஆல்பிரெக்ட் டியூரர் என்ற செர்மானிய ஓவியர் என்பதும் நம் மக்களில் பலருக்குத் தெரியும். புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டதன்று; குருக்களாகிய நாம் மறையுரையில் சொல்லிச் சொல்லித் தெரிந்தது.

நாம் சொல்லும் கதை இதுதான். நூரம்பர்க் நகரின் அருகே ஒரு சிற்றூர். ஏழைப் பொற்கொல்லர் ஒருவருக்குப் பதினெட்டுப் பிள்ளைகள். அவர்களுள் ஆல்பிரெக்ட், ஆல்பர்ட் ஆகிய இருவருக்கும் ஓவியக் கழகத்தில் சேர்ந்து பயில ஆசை. இருவரையும் படிக்கவைக்கத் தந்தைக்கு வசதியில்லை. எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை நாணயத்தைச் சுண்டிப் போடுகிறார்கள். வென்ற ஆல்பிரெக்ட் படிக்கப் போகிறார். தோற்ற ஆல்பர்ட் நான்கு ஆண்டுகள் சுரங்கத்தில் உழைத்துப் பணம் அனுப்புகிறார். புகழோடு திரும்பிய ஆல்பிரெக்ட் விருந்தில் எழுந்து, "இனி நீ போய்ப் படி, நான் உழைக்கிறேன்" என்கிறார். ஆல்பர்ட் கண்ணீரோடு தம் கைகளைக் காட்டுகிறார். விரல்கள் ஒடிந்து, மூட்டுகள் வீங்கி, தூரிகை பிடிக்க இயலாத கைகள். நெஞ்சுருகிய ஓவியர் அந்தக் கைகளையே கூப்பிய நிலையில் வரைகிறார்.

இந்தக் கதை பொய். ஏதோ ஒரு சிறு விவரம் தவறியதன்று. அடி முதல் முடி வரை பொய். இதை எழுதும் நாமும் இதே கதையைப் பலமுறை சொன்னவரே. ஆகவே பிறரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் வெளியே நிற்கப் போவதில்லை.

முதலில் பெயரைப் பாருங்கள். ஆல்பிரெக்ட் என்பதும் ஆல்பர்ட் என்பதும் ஒரே பெயரின் இரு வடிவங்கள். தந்தைக்கும் அதே பெயர்தான். நம் ஊரில் ஒருவர் உயிரோடிருக்கும் தம் பிள்ளைகள் இருவருக்கு இராயப்பன் என்றும் பேதுரு என்றும் பெயரிட்டார் எனச் சொன்னால், கோவிலில் கடைசி வரிசையில் உறங்குபவர்கூட விழித்துச் சிரிப்பார். டியூரர் கதையில் அது நடந்திருக்கிறது; சிரிக்கத்தான் ஆளில்லை.

அடுத்து அந்த ஓவியக் கழகம். நூரம்பர்க்கில் அப்படியொரு கழகம் தோன்றியது 1662-இல். டியூரர் இறந்தது 1528-இல். அவர் காலத்தில் ஓவியம் பயில விரும்பிய சிறுவன் ஓர் ஆசானின் பட்டறையில் சேர்ந்து, வண்ணம் அரைத்து, பலகை தேய்த்துத் தொழில் கற்றான். டியூரர் முதலில் தந்தையின் பட்டறையிலேயே பொற்கொல்லர் தொழிலைக் கற்றார். 13 வயதில், 1484-இல், கண்ணாடியைப் பார்த்து வெள்ளிக்கோலால் தம்மைத் தாமே வரைந்த படம் இன்றும் வியன்னாவின் ஆல்பெர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் தமக்கு ஓவியத்தில்தான் நாட்டம் என்று தந்தையிடம் சொன்னார். தந்தைக்கு அது பிடிக்கவில்லை. பொன்வேலை கற்பித்த காலமெல்லாம் வீணாயிற்றே என்று வருந்தினார். எனினும் மகன் விருப்பத்துக்கு இணங்கி, 1486 நவம்பர் 30 அன்று, மிக்கேல் வோல்கெமூட் என்ற ஓவியரிடம் மூன்று ஆண்டுப் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டார். நாணயம் சுண்டப்படவில்லை. ஒரு தந்தை தம் மனத்தை மாற்றிக்கொண்டார், அவ்வளவே.

இவற்றை நாம் ஊகித்து எழுதவில்லை. டியூரரே எழுதியிருக்கிறார். தம் தந்தை விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு 1524-இல் அவர் தொகுத்த குடும்ப வரலாறு நமக்குக் கிடைத்துள்ளது. அதில் பதினெட்டுப் பிள்ளைகளின் பிறப்பும் வரிசையாக இருக்கிறது. அதை அவர் எழுதும்போது உயிரோடிருந்தவர்கள் மூன்று சகோதரர்கள் மட்டுமே. மற்றவர்களில் சிலர் குழந்தைகளாகவும் சிலர் வளர்ந்த பின்னும் இறந்துவிட்டனர். ஆல்பிரெக்டைத் தவிர எஞ்சிய இருவரில் எண்ட்ரெஸ் பிறந்தது 1484. ஹான்ஸ் பிறந்தது 1490. ஆல்பிரெக்ட் பட்டறையில் சேர்ந்தபோது எண்ட்ரெசுக்கு வயது இரண்டு, ஹான்ஸ் பிறக்கவேயில்லை. எந்தச் சகோதரர் எந்தச் சுரங்கத்தில் இறங்கினார்? இரண்டு வயதுக் குழந்தையையா குழிக்குள் அனுப்பினோம், நாம்?

அந்தச் சகோதரர்களுக்குப் பின்னர் என்ன ஆயிற்று என்பதும் தெரியும். எண்ட்ரெஸ் தந்தையின் தொழிலை மேற்கொண்டு பொற்கொல்லரானார். ஹான்ஸ் அண்ணனின் பட்டறையிலேயே ஓவியம் கற்று, பின்னாளில் போலந்து அரசர் முதலாம் சிகிஸ்முந்தின் அவையில், கிராக்கோவ் நகரில் ஓவியராக விளங்கினார். 1506-இல் வெனிசு நகரிலிருந்து டியூரர் தம் நண்பர் பிர்க்ஹைமருக்கு எழுதிய மடலொன்றில் இந்த ஹான்சைப் பற்றிய சுவையான செய்தி உண்டு. தம்பியையும் வெனிசுக்கு அழைத்து வந்திருந்தால் இருவருக்கும் பயனாக இருந்திருக்கும். ஆனால் வானமே இடிந்து அவன் தலையில் விழுந்துவிடும் என்று அம்மா அஞ்சினார் எனக் குறைப்பட்டுக்கொள்கிறார். கடைக்குட்டியை வெளியூருக்கு அனுப்ப மறுக்கும் தாய்க்கு நூரம்பர்க்கிலும் வேறு மொழியில்லை போலும்.

சரி, அந்தக் கைகள் யாருடையவை? எதற்காக வரைந்தார்? இங்கேதான், அன்பு வாசகரே, கத்தோலிக்கராகிய நாம் வெட்கப்பட வேண்டிய இடம் வருகிறது.

ஃபிராங்க்ஃபர்ட் நகரச் செல்வர் யாக்கோபு ஹெல்லர் என்பவர், அந்நகரிலிருந்த புனித தோமினிக் சபைத் துறவியரின் ஆலயத்திற்குப் பீடப்படம் ஒன்று செய்து தருமாறு டியூரரைக் கேட்டார். நடுப்பலகையின் பொருள் அன்னை மரியாவின் விண்ணேற்பும் முடிசூட்டலும். மேலே மூவொரு இறைவன் அன்னைக்கு முடிசூட்ட, கீழே வெறுமையான கல்லறையைச் சுற்றித் திருத்தூதர்கள் நின்றும் மண்டியிட்டும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அந்தத் திருத்தூதர்களுள் ஒருவரின் கைகளே இந்தக் கைகள். 1508-இல் நீலம் தோய்த்த தாளில், தூரிகையால் கருமையும் வெண்மையும் இட்டுத் தீட்டியது. 30 சென்டிமீட்டர் உயரங்கூட இல்லாத சிறு தாள். அதுவும் ஆல்பெர்ட்டினாவில்தான் இருக்கிறது. வரைவதற்கு மாதிரியாக யார் கைகளை வைத்திருந்தார் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஓவியரின் சொந்தக் கைகளே என்பாரும் உளர். படத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். நீண்டு மெலிந்த விரல்கள். நகங்கள் ஒழுங்காக இருக்கின்றன. எந்த எலும்பும் ஒடிந்ததாகத் தோன்றவில்லை. நான்கு ஆண்டு பாறை உடைத்த கைகள் இவை என்று சொல்லி நம்பவைத்தோமே, நம் மக்கள் எவ்வளவு பொறுமைசாலிகள்!

இதே பீடப்படத்திற்காக, மண்டியிட்ட திருத்தூதர் ஒருவரின் பாதங்களையும் டியூரர் தனியே வரைந்திருக்கிறார். உள்ளங்கால் நம் பக்கம் திரும்பியிருக்கும் அருமையான படம். அந்தப் பாதங்களுக்கு இன்னும் யாரும் கதை கட்டவில்லை.

ஹெல்லருக்கு டியூரர் எழுதிய மடல்கள் 1507 முதல் 1509 வரை உள்ளவை. அவற்றைப் படித்தால் ஓவியர் ஒரு மனிதராக நம் முன் வந்து நிற்கிறார். 130 பொற்காசுகளுக்குப் பேசிய வேலை கட்டுப்படியாகவில்லை என்று முறையிடுகிறார். 200 கேட்டு வாங்குகிறார். நடுப்பலகையில் பிறர் கை படவில்லை என்கிறார். உயர்ந்த நீலத்தைப் பூச்சுக்கு மேல் பூச்சாக இட்டிருப்பதாகவும், தூய்மையாகப் பேணினால் 500 ஆண்டுகள் மங்காதிருக்கும் என்றும் உறுதி கூறுகிறார். அந்த 500 ஆண்டுகள் அதற்குக் கிட்டவில்லை. 1614-இல் துறவியர் அதைப் பவேரியக் கோமகன் மாக்சிமிலியனுக்கு விற்றனர். 1729-இல் மியூனிக் அரண்மனையில் எரிந்த தீயில் அது அழிந்தது. யோப்ஸ்ட் ஹாரிக் என்பவர் எழுதிய படி ஒன்று ஃபிராங்க்ஃபர்ட்டில் எஞ்சியிருப்பதால் மட்டுமே மூலம் எப்படி இருந்தது என அறிகிறோம். பீடத்தை விற்றவர்களும் நம்மவரே என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை.

உண்மையான தம்பியின் பங்கும் அந்த மடல்களிலேயே இருக்கிறது. படம் ஃபிராங்க்ஃபர்ட் போய்ச் சேர்ந்த பின், ஹெல்லர் ஓவியரின் மனைவிக்குப் பரிசொன்றும், இளைய தம்பிக்குக் கைச்செலவுக்கென இரண்டு பொற்காசுகளும் அனுப்பினார். தம்பி நன்றி சொல்லச் சொன்னான் என்று அண்ணன் எழுதுகிறார். விரல் ஒடியவில்லை, கண்ணீர் விருந்தில்லை. பட்டறையில் கூடமாட நின்ற பையனுக்கு இரண்டு காசு கிடைத்தது. நமக்கு இந்தச் செய்தி அந்தக் கட்டுக்கதை முழுவதையும் விட இனிக்கிறது.

ஆக, நாம் செய்திருப்பது என்ன? வெறுமையான கல்லறையையும் விண்ணேற்படைந்த அன்னையையும் நோக்கிக் கூப்பிய திருத்தூதரின் கைகளை அவர் தோளிலிருந்து வெட்டியெடுத்து, இல்லாத ஒருவனின் தோளில் ஒட்டவைத்திருக்கிறோம். விண்ணேற்பை மறைக்கோட்பாடாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1950-இல் அறிவித்தார். அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்த நம்பிக்கையை வண்ணத்தில் அறிக்கையிட்ட பீடத்தின் ஒரு துண்டை வைத்துக்கொண்டு, மரியாவின் பெயரைக்கூட எடுக்காமல் மறையுரை ஆற்றியிருக்கிறோம். டியூரர் பின்னாளில் மார்ட்டின் லூத்தர்மீது பரிவு கொண்டவர் என்பதையும், 1521-இல் லூத்தர் சிறைபிடிக்கப்பட்டார் என்ற செய்தி கேட்டுப் புலம்பி எழுதினார் என்பதையும் நாம் மறைக்கவில்லை. அதனால் பிரிந்த சபையினரும் அவரைத் தம்மவர் என்பர். சுரங்கக் கதையை அவர்களும் தம் மேடைகளில் சொல்கிறார்கள். கிறிஸ்தவ ஒன்றிப்பு பொய்யில் மட்டும் முன்னதாகவே கைகூடிவிட்டது.

"கதை பொய்யாயினும் கருத்து நல்லதுதானே, சாமி?" என்று உடன் பணியாற்றும் குருக்கள் கேட்பதுண்டு. ஆண்டவரே உவமைகளைச் சொல்லவில்லையா என்றும் அவர்கள் கேட்பர். சொன்னார். ஆனால் எரிகோவுக்குப் போகும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு அவர் பெயர் வைக்கவில்லை. ஊரறிந்த ஒரு மனிதரின் பெயரைச் சூட்டி, அவருக்கு இல்லாத உடன்பிறப்பை உண்டாக்கவில்லை. உவமை, தான் உவமை என்பதை மறைப்பதில்லை. நாமோ ஊர், பெயர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் சொல்லி, இது நடந்தது என்று பீடத்தருகில் நின்று சாட்சி சொல்கிறோம். எட்டாம் கட்டளை எதைத் தடை செய்கிறது என்பதை முதல் நற்கருணை வகுப்புக் குழந்தைகளிடம் கேளுங்கள்.

புனித அகுஸ்தினார் பொய்யைப் பற்றி இரண்டு தனி நூல்கள் எழுதினார். இரண்டாவதை எழுதக் காரணமே, சமயத்தின் நலனுக்காகப் பொய் சொல்லலாமா என்று சிலர் கேட்டதுதான். தப்பறை போதிப்போரைக் கண்டுபிடிக்க அவர்களைப் போலவே நடித்துப் பொய் சொன்னால் என்ன என்பது கேள்வி. கூடாது என்றார் அவர். மறையைக் கற்பிப்பவன் ஒரே ஒரு முறை பொய்யன் என்று பிடிபட்டால், பிறகு அவன் கூறும் மெய்யை எவன் நம்புவான் என்பது அவர் கவலை. யோபுவும் தம் நண்பர்களிடம், கடவுளுக்கு வக்காலத்து வாங்கவா பொய் பேசுகிறீர்கள் என்ற பொருளில் கேட்கிறார். நம் பங்கின் இளைஞர் ஒருவர் மறையுரை முடியுமுன்னே கைப்பேசியில் தேடிப் பார்த்துவிடும் காலம் இது. சுரங்கத்துக் கதை பொய் என்று கண்டுகொண்ட அந்தப் பிள்ளை, அதே வாயால் நாம் சொல்லும் வெறுமையான கல்லறையைப் பற்றி என்ன நினைப்பான்?

இவ்வளவும் அறிவு சார்ந்த வாதம். நம்மை இக்கட்டுரை எழுதவைத்தது இவை மட்டுமல்ல.

1996-இல் நாம் திருநிலைப்படுத்தப்பட்டபோது அச்சிட்ட நினைவு அட்டையிலும் அந்தக் கைகள்தாம் இருந்தன. சொந்த ஊரில் நிறைவேற்றிய முதல் நன்றித் திருப்பலியில் இந்தக் கதையைத்தான் சொன்னோம். யாரை நினைத்துச் சொன்னோம் என்பது ஊருக்கே தெரியும். நம் மூத்த சகோதரி எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்று, பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டவர். நாம் சிறுகுருமடத்தில் சேர்ந்த ஆண்டு அது. நாளெல்லாம் இலை நறுக்கி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டிய கூலியில் நம் விடுமுறைப் பயணச் செலவும் வெள்ளை அங்கித் துணியும் வந்தன. அன்றைய மறையுரையின் முடிவில் அக்காவின் பெயரைச் சொன்னோம். மக்கள் கண்களைத் துடைத்தனர். அக்காவும் அழுதார். நாம் மகிழ்ச்சிக் கண்ணீர் என்றே எண்ணி வந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், விடுமுறையில் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, சுவரில் தொங்கிய அந்தப் பழைய அட்டையைக் காட்டி அக்கா கேட்டார்:

"தம்பி, ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். சொரங்கத்துக்குப் போனான்லா, அவனுக்கு அப்புறம் என்ன ஆச்சு? கல்யாணம் கில்யாணம் ஆச்சா?"

தெரியவில்லை என்றோம்.

"படம் வரைஞ்சாரு, சரி. கஞ்சி ஊத்துனாரா?"

பதில் சொல்ல இயலவில்லை. கதையில் அதற்கு இடமில்லை. தூரிகை பிடிக்க முடியாத கைகளோடு அந்த ஆல்பர்ட் எஞ்சிய வாழ்நாளை எப்படிக் கழித்தான் என்று கதை சொல்வதில்லை. கேட்பவருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை. அவன் கைகள் படமாகிவிட்டன, அவனுடைய வேலை முடிந்தது. அந்த இரவுதான் டியூரரின் வாழ்க்கையைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். கதை பொய் என்று கண்டபோது முதலில் நிம்மதியும், பிறகு வெட்கமும் உண்டாயிற்று. அக்காவின் பதினைந்து ஆண்டு உழைப்பை ஒரு பொய்யனின் கதையோடு இணைத்து, நான்கு நிமிடக் கண்ணீரில் கடனைத் தீர்த்துவிட்டதாக எண்ணியிருந்தோம். நம் குடும்பங்களில் ஒரு பிள்ளை படிக்க ஒரு பிள்ளை நிற்பது இன்றும் நடக்கிறது. பெரும்பாலும் பெண் பிள்ளைதான் நிற்கிறாள். நின்றவளுக்கு இந்தக் கதையைச் சொல்வது ஆறுதல் என்று யார் நமக்குச் சொன்னது? அவள் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று கேட்காமலிருக்க இது வசதியான கதை.

டியூரர் வீட்டின் உண்மை வரலாற்றில் தியாகம் இல்லாமலில்லை. அது வேறொருவருடையது. கட்டுக்கதை அவரை ஓரத்தில் தள்ளிவிட்டது.

தந்தையிலிருந்து தொடங்குவோம். அவர் அங்கேரி நாட்டில் கியூலா நகரை அடுத்த அய்த்தோஸ் என்ற சிற்றூரின் வழிவந்தவர். அம்மொழியில் அப்பெயர் கதவைக் குறிக்கும். அதைச் செர்மானியத்தில் பெயர்த்ததே டியூரர் என்ற குடும்பப் பெயர். அவர்களது குடும்பச் சின்னத்தில் திறந்த கதவு ஒன்று உண்டு. பொற்கொல்லரான அவர் நாடு பல சுற்றி, 1455-இல், பொற்கொல்லரின் பாதுகாவலரான புனித எலிஜியுஸ் திருநாளன்று நூரம்பர்க்கில் கால் வைத்தார். ஹியரோனிமுஸ் ஹோல்பர் என்ற பொற்கொல்லரிடம் 12 ஆண்டுகள் வேலை செய்தார். 1467-இல் ஹோல்பர் தம் மகள் பார்பராவை அவருக்கு மணமுடித்துக் கொடுத்தார். மணமகனுக்கு வயது 40, மணமகளுக்கு 15.

1468 முதல் 1492 வரை பார்பரா பதினெட்டுக் குழந்தைகளைப் பெற்றார். 24 ஆண்டுகளில் பதினெட்டுப் பேறுகாலம். இறந்த குழந்தையின் பெயரையே பின்னால் பிறந்த குழந்தைக்கு வைத்திருக்கிறார்கள். நம் பாட்டிமார் காலத்திலும் அப்படி உண்டு. ஒவ்வொரு பிறப்பையும் நாள், நேரம், ஞானத்தந்தையார் பெயரோடு கணவர் எழுதி வைத்தார். நம் ஓவியர் 1471 மே 21 அன்று பிறந்த மூன்றாவது பிள்ளை. அவருக்கு ஞானத்தந்தை, அந்நகரின் புகழ்பெற்ற அச்சகர் அன்டன் கோபெர்கர். தந்தை 1475-இல் கோட்டையின் கீழே சொந்த வீடு வாங்கினார். எனவே கதை சொல்வதுபோல் கிராமத்துப் பஞ்சையல்லர். ஆயினும் கடும் உழைப்பிலேயே காலம் கழித்தார், கைத்தொழிலைத் தவிர வேறு வருவாயில்லை, குறைவாகப் பேசினார், கடவுளுக்கு அஞ்சி நடந்தார், இறைவனை நேசிக்கவும் அயலாரிடம் நேர்மையாக நடக்கவும் நாள்தோறும் பிள்ளைகளுக்குச் சொன்னார் என மகன் எழுதுகிறார். 1490-இல் மகன் அவரை வரைந்த ஓவியம் ஃபிளாரன்சில் இருக்கிறது. அந்தப் படத்தில் தந்தையின் கைகளைப் பார்க்க வேண்டும். அவை செபமாலை பிடித்திருக்கின்றன. டியூரர் குடும்பத்தின் செபிக்கும் கைகள் வேண்டுமென்றால் அவை அங்கே இருக்கின்றன. நாம் எந்த அட்டையிலும் அவற்றை அச்சிட்டதில்லை.

1502 செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பு நோயால் தந்தை இறந்தார். பணிப்பெண் ஓடிவந்து மகனை எழுப்பினாள். அவர் மாடியிலிருந்து இறங்கி வருமுன் உயிர் பிரிந்துவிட்டது. தந்தையின் இறுதி நேரத்தில் உடனிருக்கத் தாம் தகுதியற்றுப் போனதாக டியூரர் எழுதி வைத்திருக்கிறார். மருத்துவமனை வாசலில், சற்றே தாமதித்து வந்துவிட்ட எத்தனையோ பிள்ளைகள் இதே வேதனையை நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு மேல் நாம் எந்தக் கதையைக் கட்டவேண்டும்?

கைம்பெண்ணான பார்பராவிடம் எதுவும் மிஞ்சவில்லை. இரண்டு ஆண்டுகளில் மகன் தாயைத் தம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். கஞ்சி ஊற்றினாரா என்ற கேள்விக்கு இங்கே விடை உண்டு: ஊற்றினார். தாயும் சும்மா இருக்கவில்லை. மருமகள் ஆக்னஸ் ஃபிராங்க்ஃபர்ட் சந்தைக்கு மகனுடைய அச்சுப் படங்களை எடுத்துச் செல்ல, மாமியார் நூரம்பர்க்கிலேயே விற்றார். அடிக்கடி கோவிலுக்குப் போவார். மகன் நடத்தை சரியில்லாதபோது கண்டிப்பார். அவர் வெளியே போகும்போதும் வரும்போதும் கிறிஸ்துவின் பெயரால் வாழ்த்துவார். கொள்ளைநோயும் வேறு கொடிய நோய்களும் வறுமையும் ஏளனமும் கண்டவர். யார்மீதும் வன்மம் வைத்ததில்லை என்று மகனே சான்று பகர்கிறார்.

1513 ஏப்ரலில் அவர் படுக்கையில் விழுந்தார். ஓராண்டுக்கு மேல் கிடந்தார். 1514 மார்ச்சில், சாவுக்கு இரண்டு மாதங்களுக்கு முன், டியூரர் கரித்துண்டை எடுத்துத் தாயை வரைந்தார். அந்தப் படம் பெர்லினில் இருக்கிறது. 63 வயது முகம். நெற்றியெங்கும் வரிகள், ஒட்டிய கன்னம், பிதுங்கிய கண் ஒன்று எங்கோ பார்க்கிறது, கழுத்து நரம்புகள் கயிறு போல் புடைத்திருக்கின்றன. மகன் எதையும் மறைக்கவில்லை, எதையும் அழகுபடுத்தவில்லை. இது ஆல்பிரெக்ட் டியூரரின் தாய் என்றும் அவருடைய வயதையும் மேலே எழுதினார். மே மாதம் அவர் இறந்ததும் அதே தாளில் மையால் அந்த நாளைச் சேர்த்தார். திருவருட்சாதனங்களைப் பெற்றே தாய் இறந்தார். சாவுக்கு அஞ்சினார், ஆனால் கடவுள் முன் செல்ல அஞ்சவில்லை என்று டியூரர் எழுதுகிறார். கடைசி நேரத்தில் தீர்த்தம் கேட்டார். மகன் அருகிலிருந்து செபம் சொன்னார். தந்தையிடம் தவறவிட்டதைத் தாயிடம் தவறவிடவில்லை.

எழுத்துச் சான்றோடு, நாள் குறிப்போடு, ஓவியரின் கைப்பட இவ்வளவு இருக்கும்போது, எவரோ எங்கோ இட்டுக்கட்டி, மறையுரைக்கு உதவும் நூல்கள் வழியே நம் கைக்கு வந்துசேர்ந்த கதை நமக்கு எதற்கு? விடை எளிது. பார்பராவின் வாழ்க்கையில் திருப்பம் இல்லை, விருந்து இல்லை, கைதட்டல் இல்லை. பதினெட்டு முறை பெற்று, பலமுறை புதைத்து, படம் விற்று, கிழவியாகிச் செத்த ஒரு பெண்ணைப் பற்றிப் பத்து நிமிடம் பேச, நாம் முதலில் அப்படிப்பட்ட பெண்களின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதைவிட நாணயத்தைச் சுண்டுவது சுலபம்.

உடன் குருக்களையும் வேதியர்களையும் அட்டை அச்சிடும் அன்பர்களையும் கேட்டுக்கொள்கிறோம். கைகளை அச்சிடுங்கள், அதில் தடையில்லை. பின்பக்கத்தில் ஒரு வரி சேருங்கள்: விண்ணேற்படைந்த அன்னையை நோக்கும் திருத்தூதரின் கைகள், 1508. சுரங்கக் கதை அச்சான குறிப்பேடு பங்கு இல்லத்தில் இருந்தால் அந்தப் பக்கத்தை மடித்து ஒட்டிவிடுங்கள். ஏற்கெனவே சொன்னவர்கள், சொன்ன இடத்திலேயே திருத்திச் சொல்லுங்கள். நாம் அதை நம் பங்கில் செய்தோம். திருப்பலி முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து, பழைய கதைதான் நன்றாயிருந்தது என்றார். இருக்கட்டும்.

பார்பராவின் படத்தை அக்காவிடம் காட்டினோம். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை பிள்ளை என்று சொன்னாய் என்று கேட்டார். பதினெட்டு என்றோம். கடைசியில் தங்கியது எத்தனை என்றார். மூன்று என்றோம். படத்தை வாங்கி, தம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் பார்த்தார்.

வரும் ஆகஸ்டு 15, விண்ணேற்புப் பெருவிழா. அன்று இரண்டு படங்களையும் பெரிதாக அச்சிட்டு நம் கோவில் முகப்பில் வைக்கப்போகிறோம். அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார்.